அதற்குச் சோறிட்ட தெரு

வாருங்கள், தாய்மார்களே, வாருங்கள், தோழர்களே! கோபுரம் பார்க்க வந்தவர்கள் கோபுரம் பார்க்கட்டும். முகூர்த்தப் புடவை எடுக்க வந்தவர்கள் குளிரூட்டிய கடைகளில் குந்தியிருக்கட்டும். நீங்கள் இப்படித் திரும்புங்கள். நெசவாளர் குடியிருக்கும் பிள்ளையார்பாளையத்தின் குறுகிய தெரு ஒன்றுக்குள் வாருங்கள். இங்கே ஒரு கொடுமை நடந்தது. கத்தி எடுக்காத கொடுமை, கதவை உடைக்காத கொடுமை; கிண்ணம் நிறையச் சர்க்கரைப் பொங்கல் ஏந்தி, கனிவாகக் குரல் கொடுத்துக்கொண்டு வாசற்படி ஏறி வந்த கொடுமை! ஒரு பெண்ணின் உடலுக்குள் உட்கார்ந்திருந்த ஒன்றுக்கு ஒரு தெருவே திரண்டு சோறு போட்டது. அவளுக்கல்ல, அவளுக்குள் இருந்த அதற்கு. வந்து பாருங்கள். பார்த்த பின் தெரியாது என்று சொல்ல உங்களால் முடியாது.

அவள் பெயர் காவேரி. நெசவாளி மாணிக்கவேலின் மனைவி. கல்லூரியில் படிக்கும் ஜோதிகாவின் தாய். பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசை; அதைப் பிணைப்பது அவள் தொழில். தறியில் ஒரு பாவு தீர்ந்து மறு பாவு ஏறும்போது, பழைய இழை நுனியோடு புதிய இழை நுனியைச் சாம்பல் தொட்டு முறுக்கிச் சேர்க்க வேண்டும்; ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாக. கண்ணுக்கு முன்னே விரல் ஓடும் வேலை அது. அவள் விரல்கள் பாவின் மேல் நடந்தால், எந்த இழை தளர்ந்திருக்கிறது, எது முறுக்கேறி நிற்கிறது, எங்கே முடிச்சு விழுந்திருக்கிறது என்று தாமாகவே நின்று சொல்லும்.

அந்த விரல்கள், ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு காலையில், குளித்துக்கொண்டிருந்தவளின் இடது மார்பில் நின்றன.

முடிச்சு.

வலியில்லை. சிவப்பில்லை. கல்லைப் போல் ஒன்று, கையிட்டால் நகர மறுத்துக் கிடந்தது. ஆனால் அவளை அச்சுறுத்தியது அந்தக் கல் அன்று. அதைச் சுற்றியிருந்த சதை, இழுத்துக் கட்டிய பாவைப் போல விறைத்து நின்றது. மெத்தென்று இருக்க வேண்டிய இடத்தில் இழை இழையாக ஓர் இறுக்கம், எல்லாப் பக்கமிருந்தும் அந்தக் கல்லை நோக்கி ஓடியது. பாவு அப்படி விறைத்தால் அதற்கு ஒரே பொருள்தான் உண்டு என்று அவள் அறிவாள். யாரோ மறுமுனையிலிருந்து இழுக்கிறார்கள்.

ஈரத் தலையோடு அவள் போய் நின்றது நாத்தனார் லோகாம்பாள் முன்னால். மாணிக்கவேலின் அக்காள், தெருவில் எந்த நல்லது கெட்டதும் அவள் சொல்லைக் கேட்டுத்தான் நகரும். காவேரி சொல்லி முடிக்கும்வரை லோகாம்பாள் கண்ணிமைக்கவில்லை. வியக்கவுமில்லை. எழுந்து போய், அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சுருளை எடுத்து வந்தாள்.

நாலு விரல் அகலத்தில் நெய்த கச்சாப் பட்டுப் பட்டை. பட்டு நூலில் இயற்கையாகவே ஒரு பசை உண்டு. கொதிக்கும் நீரில் அதைப் போக்கிய பிறகுதான் நீங்கள் தடவிப் பார்த்து மயங்கும் மென்மை வரும். பசை போக்காத பட்டோ நனைத்தால் இளகும். காய்ந்தால் மரப்பட்டையாக விறைக்கும். அந்தப் பட்டையைப் புளித்தண்ணீரில் தோய்த்து, மார்பைச் சுற்றி இழுத்துக் கட்டுவார்கள். உடம்புச் சூட்டில் அது காயும். காயக் காய இறுகும்.

இந்த ஊருக்கே உரிய பிழை அது, தோழர்களே! இழுப்புக்கு அடங்காத நூலை இவர்கள் கண்டதில்லை. தளர்ந்த பாவில் சிக்கு விழும். நனைத்து இழுத்துக் கட்டினால் சிக்கு நேராகும். வாழ்நாளெல்லாம் கையால் கண்ட உண்மை. நூலுக்கு உண்மையானது சதைக்கும் உண்மைதான் என்று நம்பிவிட்டார்கள்.

"அண்ணி, ஒரு தபா டாக்டர்கிட்ட காட்டிக்கினு வந்துடலாமே" என்றாள் காவேரி.

"காட்டு. நல்லாக் காட்டு. மாரைத் தொறந்து காட்டிட்டு, அப்பால உம் பொண்ணை எவன் கட்டிப்பான்னும் அந்த டாக்டரையே கேட்டுக்கினு வா."

"அதுக்கில்ல அண்ணி..."

"வேற எதுக்கு? தை மாசம் வாலாஜாபாத்லேருந்து மாப்பிள்ளை வூட்டுக்காரங்க தட்டு மாத்த வர்றாங்க. ஆத்தாளுக்கு இந்த நோவுன்னு ஒரு காத்து அடிச்சா போதும், பொண்ணுக்கும் வரும்னு திரும்பிப் போயிடுவாங்க. கையைத் தூக்குடி."

காவேரி கையைத் தூக்கினாள்.

புளித்தண்ணீர் விலாவில் குளிர்ந்து வழிந்தது. லோகாம்பாள் முழங்காலை அவள் முதுகில் ஊன்றி இழுத்தாள். மூச்சு பாதியில் நின்றது.

"மாணிக்கத்துக்கிட்ட மூச்சு விடாதே. ஆம்பளைக்கு இது தேவையில்லாத சேதி."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் அண்ணி."

சொல்லவும் இல்லை. ஆனால் மறுநாள் விடிந்ததும் எதிர் வீட்டுப் பொன்னி வாசலில் நின்றாள். அவள் கையில் மூடிய கிண்ணம். மூடியைத் திறந்தால் நெய் மணக்கும் சர்க்கரைப் பொங்கல்.

"இன்னா பொன்னி, விசேஷமா?"

பொன்னி காவேரியின் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்வை காவேரியின் இடது தோளுக்குக் கீழே நின்றிருந்தது. உறங்கும் குழந்தையை எட்டிப் பார்ப்பவள் போலக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அது சாப்பிட்டுச்சா?"

காவேரி முந்தானையை இடது தோள்மேல் இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

அதன்பின் கிண்ணங்கள் நிற்கவில்லை. ஒரு நாள் இந்த வீட்டிலிருந்து, மறுநாள் அந்த வீட்டிலிருந்து. வெல்லப் பாயசம், பால்கோவா, தேங்காய்ப் பூரணம். இனிப்பாக ஊட்டினால் அது கோபங்கொள்ளாமல் கிடக்குமாம். பசித்தால் அடுத்த வீட்டைத் தேடிப் போகுமாம். ஒருவரும் நோயின் பெயரைச் சொல்லவில்லை. 'உனக்கு எப்படி இருக்கிறது' என்று ஒரு நாக்கும் கேட்கவில்லை. 'அது தூங்குதா?' என்றார்கள். 'அதுக்கு இது புடிக்குதா?' என்றார்கள். வந்த கிண்ணத்தை வெறுங்கிண்ணமாகத் திருப்புவது நம் வீடுகளில் வழக்கமில்லையே! லோகாம்பாள் ஒவ்வொரு கிண்ணத்திலும் கட்டின் ஈரம் தொட்ட மஞ்சள்கிழங்குத் துண்டொன்றைப் போட்டு அனுப்பினாள். பெண்கள் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, நிலைப்படிக்கு மேலே செருகிவைத்தார்கள். இங்கே வராதே என்று அதற்குச் சொல்லும் செய்தி அது. அவர்கள் கொடுத்தது சோறு. வாங்கிச் சென்றது நிம்மதி. இடையில் இருந்த காவேரி என்னும் மனுஷியை எல்லோரும் தாண்டிப் போனார்கள், வாசற்படியைத் தாண்டுவது போல.

தெருவின் இனிப்பையெல்லாம் தின்ற அவள் கன்னம் ஒட்டியது. வளையல் முழங்கை வரை ஏறியது. அச்சத்தில் இளைத்தாளோ, அடைத்த மூச்சில் இளைத்தாளோ, யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தோன்றியது ஒன்றுதான்: வாயில் போகும் கவளம் வயிற்றுக்குப் போகவில்லை, பாதி வழியில் யாரோ கை நீட்டி வாங்கிக்கொள்கிறார்கள்.

பட்டை காய்ந்த வேளைகளில் ஓர் ஓசையும் எழுந்தது. மூச்சிழுத்தால் 'கிர்ர்'; விட்டால் 'கிர்ர்'. இழுபட்ட தறிக்கயிறு முனகுவது போல. அவள் பேசும்போதெல்லாம் அதுவும் கூடவே பேசியது. மாணிக்கவேல் தறியில் உட்கார்ந்தபடி குறுக்கிழை ஓட்டும் நாடாவை நிறுத்தித் தலை தூக்குவான்.

"இன்னா சத்தம் அது?"

"உங்க தறிதான்."

அவன் தன் தறியின் குரலை அறியாதவனா? அறிந்தவன்தான். ஆனாலும் தலை குனிந்து நாடாவைத் தட்டினான். தெரிந்தும் தெரியாதவனாக இருப்பது இந்நாட்டு ஆண்மகனுக்குப் பழகிப்போன இருக்கை. அதிலேயே அவனும் உட்கார்ந்திருந்தான்.

மார்பில் கட்டிய கட்டு வெளியே தெரியாமல் மறைக்க வேண்டுமே. ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், அளவு ஜாக்கெட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கும் அந்தோணியிடம் போனாள் காவேரி. அவர் மகள் சுகாசினி சென்னையிலிருந்து வந்திருந்தாள். புற்றுநோய் ஆராயும் ஒரு கூடத்தில் வேலை பார்ப்பவள். கடைக்குள் ஸ்டூலில் உட்கார்ந்து, அப்பனுக்குப் பித்தான் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இதைவிடக் கொஞ்சம் லூசா வேணும் அந்தோணி அண்ணே."

"உனக்குமா?" என்று சிரித்தார் அந்தோணி. "இந்தத் தெருவுக்கே இன்னா ஆச்சுமா? எல்லாரும் தளத்தித் தளத்தித் தைக்கச் சொல்றீங்க. அக்கம் பக்கத்துல எவனாவது ஓசியில பிரியாணி போடறானா?"

"அண்ணே, கிண்டலு வேணாம்" என்று காவேரியும் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வந்தது, அதோடு அந்த ஓசையும் வந்தது.

சுகாசினியின் ஊசி நின்றது.

"அப்பா, நீ போய் டீ குடிச்சிட்டு வா" என்றாள்.

"இப்பத்தான குடிச்சேன்?"

"இன்னொண்ணு குடி. போப்பா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போனார். சுகாசினி திரைச்சீலையை இழுத்துவிட்டாள். "அக்கா, உள்ள இன்னா கட்டியிருக்கீங்க?"

காவேரி மறுத்தாள். பிறகு அழுதாள். பிறகு காட்டினாள். சுகாசினியால் பட்டையின் முடிச்சை அவிழ்க்கவே முடியவில்லை. துணி வெட்டும் கத்தரியால் வெட்டினாள். அடியில் தோல் வரி வரியாகப் பதிந்திருந்தது. விரல்களைப் பரப்பி, அவசரமில்லாமல் தொட்டுப் பார்த்தாள்.

"எவ்ளோ நாளா இருக்குது?"

"மழைக்காலத்துல கண்டேன். சுகாசினிம்மா, அது ஏன் சுத்திலும் பாவு மாதிரி வெறைச்சிக்கினு நிக்குது? யாரு இழுக்கறாங்க?"

சுகாசினி வெட்டிய பட்டையை எடுத்துச் சுருட்டினாள். பொய் சொல்லத் தெரியாதவர்கள் இப்படித்தான் பேச்சைத் தேடுவார்கள்.

"இது இன்னான்னு ஊசி போட்டு எடுத்துப் பாத்தாத்தான் சொல்ல முடியும்க்கா. எல்லாக் கட்டியும் புத்து கெடையாது. ஆனா புத்தா இருந்தா இப்படித்தான் இருக்கும்னு நான் பாத்திருக்கேன். கேக்குறீங்களா?"

"சொல்லு."

"லேப்ல நாங்க தட்டுல செல் வளக்குறோம். மெத்துனு ஒரு தளத்துல வெச்சா ஒழுங்கா கெடக்குது. அதே செல்லை வெறைப்பான தளத்துல வெச்சா, அந்த வெறைப்பை அது தொட்டு உணருதுக்கா. கண்ணு கெடையாது, காது கெடையாது. இழுத்துப் பாத்தே கண்டுபுடிச்சிடுது. அப்பால தான் தின்னுற விதத்தையே மாத்திக்குது. எதைத் தின்னணும், எதைப் பண்ணணும், எதை வெளிய குடுக்கணும், எல்லாமே மாறிடுது."

"வெறைப்பு எங்கேருந்து வருது?"

"கட்டியைச் சுத்தி நாரு மாதிரி ஒண்ணு பின்னிக்கினே போகுது. அதைப் பின்றது யாருன்னு நெனைக்கறீங்க? புத்து மட்டும் இல்லை. பக்கத்துல குடியிருக்கற சாதாரண செல்லுங்கதான். காயம் பட்டா சதையைச் சேத்துக் குடுக்கற நல்ல செல்லுங்க. இறுக இறுக அதுங்க குணம் மாறிப்போவுது. தன் கையில கெடக்கறதை எடுத்துக் கட்டிக்கு ஊட்ட ஆரம்பிக்குது. கட்டியும் சும்மா வாங்கிக்காது. அதுங்களுக்கு வேண்டியதைத் திருப்பிக் குடுக்குது. குடுத்து வாங்கி, குடுத்து வாங்கி, ரெண்டும் சேந்து வாழுது. வாழ வாழ இன்னும் இறுக்குது."

"வெறுங்கிண்ணமா திருப்பறது இல்ல" என்றாள் காவேரி மெல்ல.

"இன்னாக்கா?"

"ஒண்ணுமில்ல. நான் தின்ன பொங்கலாலதான் அது வளந்துச்சா?"

"இல்லக்கா. பொங்கலுக்கும் அதுக்கும் அப்படி நேர் சம்பந்தம் கெடையாது."

"இந்தக் கட்டாலயா?"

"அதையும் நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாது. உள்ள நடக்கற இறுக்கம் வேற, வெளிய கட்டுற இறுக்கம் வேற. ஆனா ஒண்ணு தெரியும். பட்டைக்குள்ள நீங்க மறைச்சு வெச்ச காலமெல்லாம் அதுக்கு நீங்க குடுத்த காலம். நாளைக்குக் காலையில ஆட்டோவோட தெருமுனைக்கு வரேன். பெரியாஸ்பத்திரிக்குப் போலாம். வருவீங்களா?"

காவேரி தலையாட்டினாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில், வாசல் வாசலாக நிலைப்படிக்கு மேலே பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லா வாசலிலும் மஞ்சள் துண்டு செருகியிருந்தது. தளர்த்தித் தைத்த ஜாக்கெட்டுகள் கொடிகளில் காய்ந்துகொண்டிருந்தன.

வெட்டுண்ட பட்டையை லோகாம்பாள் பார்த்தாள். புதுப் பட்டை ஒன்றை நனைத்து, முன்னைவிட இழுத்துக் கட்டினாள். "நாளைக்கு உம் பொண்ணோட பாவு. நீ அதுல வந்து நிக்கணும்" என்று மட்டும் சொன்னாள்.

காவேரி அதை மறந்தே போயிருந்தாள். ஊரார் மகள்களுக்கே நெய்து வந்த அந்த வீட்டில், முதன்முறையாகச் சொந்த மகளுக்கு முகூர்த்தப் புடவை நெய்யப் போகிறார்கள். அதற்கான பாவைத் தெருவில் நீட்டிக் கஞ்சி தெளித்துக் காயவைக்கும் நாள் மறுநாள். ஒரு வீட்டுப் பாவுக்கு எல்லா வீட்டுக் கைகளும் வரும். அது தெருவின் முறை. தெருமுனையில் பாவின் இழுகயிறு கவையாகப் பிரிந்து இருபுறச் சுவர்களின் வளையங்களில் ஓடும். பாவு காய்ந்து இறங்கும்வரை அந்தக் கயிற்றை ஒருவரும் தாண்டக் கூடாது, குனிந்து கடக்கவும் கூடாது. பெண்கள் அறவே கூடாது. மீறினால் பாவு குலையும், அந்தப் புடவை உடுத்துபவளின் வாழ்வும் குலையும் என்பது அவர்கள் நம்பிக்கை.

விடிந்தது. பனிப்புகைக்குள் அரக்குச் சிவப்பாகப் பாவு நீண்டு கிடந்தது. கவைக்கால்களின் மேல் அது இடுப்புயரத்தில் தெருவின் நீளத்தையே பிடித்திருந்தது. இருபுறமும் பெண்கள் வரிசையாக நின்று, அறுந்த இழைகளைத் தேடிச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் கயிற்றின் நுனியை முன்கையில் சுற்றி, பின்னுக்குச் சாய்ந்து நின்றான் மாணிக்கவேல். அவனுக்கு அப்பால், கயிற்றின் மறுபக்கம், ஆட்டோவிலிருந்து இறங்கி நின்றாள் சுகாசினி.

காவேரி பாவின்மேல் விரல் வைத்தாள்.

"இழு!" என்றாள் லோகாம்பாள். மாணிக்கவேல் இழுத்தான். பாவு விறைத்தது. எல்லாப் பெண்களும் ஒருசேரக் குனிந்தார்கள்.

கிர்ர்.

தன் ஓசை என்றுதான் காவேரி முதலில் நினைத்தாள். மூச்சை அடக்கிக்கொண்டாள். ஓசை அடங்கவில்லை. எதிர்ப்புறம் நின்ற பொன்னியிடமிருந்து வந்தது. பொன்னிக்கு அடுத்தவளிடமிருந்து வந்தது. தெருவின் கடைசியில் பனிக்குள் மறைந்து நின்றவர்களிடமிருந்தும் மெலிதாக வந்தது. பெண்கள் குனிய, கிர்ர், நிமிர, கிர்ர். எல்லோரும் அந்த ஓசையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எல்லோர் கண்களும் இழைகளின்மேல் பதிந்திருந்தன. ஒரு முகம் திரும்பவில்லை. அந்தச் சிவந்த பாவு, காவேரியின் கண்ணுக்கு, அவர்கள் அத்தனை பேரின் மார்பிலிருந்தும் உருவி எடுத்து ஒன்றாக முறுக்கி, மறுமுனையில் யாரோ இழுத்துப் பிடித்திருக்கும் நாராகத் தெரிந்தது.

அவள் விரலை எடுத்தாள். பாவின் ஓரமாகவே நடந்தாள். தெருமுனையில் கணவன் முன் நின்றாள்.

"கயிறை விடுங்க. நான் அந்தாண்ட போவணும்."

"இன்னா பேசற நீ? பாவு கெடக்குது. காஞ்சதும் போ."

"காயற வரைக்கும் எனக்கு நேரமில்ல."

"டேய், விடாதடா!" என்று ஓடி வந்தாள் லோகாம்பாள். "ஈரப் பாவுடா. தளந்தா சிக்கிப் போவும், திருப்பி எடுக்க முடியாது. பொண்ணு கல்யாணத்துக்கு இன்னா கட்டுவா? ஊரு இன்னா பேசும்?"

"ஏங்க, தெனம் தறியில குந்திக்கினு கேட்டீங்களே, இன்னா சத்தம்னு. இப்பக் கேளுங்க." காவேரி கணவனின் தலையைப் பிடித்து, சின்னக் குழந்தையை அணைப்பவள் போலத் தன் மார்போடு சேர்த்தாள். தெருவே பார்க்க. மூச்சை இழுத்தாள்; விட்டாள். "தறிதானா?"

மாணிக்கவேலின் முகம் அந்தப் பட்டையின்மேல் அழுந்தியது. பட்டையையும் தாண்டி அந்தக் கல் அவன் கன்னத்தில் தட்டியது. வாழ்நாள் முழுதும் முடிச்சு எது, இழை எது என்று அறிந்த மனிதன். அவனுக்குச் சொல்லி விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவன் கையைத் திறந்தான்.

கயிறு வளையங்களின் வழியே சீறி ஓடியது. விறைத்து நின்ற பாவு ஒரு பெருமூச்சோடு தொய்ந்து, ஈரத்தில் தன்மேல் தானே விழுந்து, சிக்கியது. கயிறு கிடந்த இடத்தை மிதித்துத் தாண்டி, காவேரி அந்தப் பக்கம் போய் நின்றாள். திரும்பிப் பார்த்தாள்.

லோகாம்பாள் சுவரில் சாய்ந்திருந்தாள். ஓடி வந்ததில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மற்ற எல்லா ஓசையும் நின்ற அந்த அமைதியில், அவளிடமிருந்து எழுந்த ஓசை மட்டும் உரக்கக் கேட்டது. அது பட்டையின் முனகல் மட்டுமல்ல. காய்ந்த மரம் வளையும் ஓசை.

காவேரி மீண்டும் இந்தப் பக்கம் வந்தாள். நாத்தனாரின் முந்தானையை விலக்கி, கையை உள்ளே வைத்தாள். அடுக்கடுக்காகப் பட்டை. அதற்கடியில் மார்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. பலகை.

"அண்ணி... எப்பலேருந்து?"

"ஜோதிகா பொறக்கறதுக்கு முன்னாடி வந்தது, அப்பால அடங்கிச்சு. இப்ப நாலஞ்சு தீபாவளியா மறுபடியும்..." லோகாம்பாள் சிரிக்க முயன்றாள். "மொத கட்டு எனக்கு நானே கட்டிக்கினேன். அப்பால ஒருத்தி வந்து கேட்டா, கட்டி வுட்டேன். இன்னொருத்தி வந்தா. தனியா இதைக் கட்டிக்கினு கெடக்க எனக்குப் பயமா இருந்துச்சுடி காவேரி. கூட ஆளு இருந்தா தேவலைன்னு இருந்துச்சு."

"வாங்க அண்ணி. ஆட்டோ நிக்குது."

"எனக்கெல்லாம் எதுக்குடி இனிமே?"

"வாங்கன்னு சொல்றேன்ல!" என்று காவேரி அதட்டினாள். அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்த நாள்முதல் நாத்தனாரை அதட்டியது அதுவே முதல்முறை. லோகாம்பாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றைத் தாண்டினாள். வீட்டுக்குள்ளிருந்து ஓடி வந்த ஜோதிகா, தன் முகூர்த்தப் பாவு சிக்கிக் கிடந்த சிவப்புக் குவியலை ஒருமுறை பார்த்தாள். அதை மிதித்துக்கொண்டே வந்து அவர்களோடு ஏறினாள்.

காவேரிக்கு இருந்தது புற்றுதான். ஆனால் அது இன்னும் இடம் விட்டு இடம் போயிருக்கவில்லை. அறுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள், முடி கொட்டியது, முளைத்தும்விட்டது. வாலாஜாபாத்துக்காரர்கள் வரவில்லை, வேண்டாதவர்கள் வராதது நல்லதே. லோகாம்பாளுக்கு மருத்துவர்களால் செய்ய முடிந்தது, வலியில்லாமல் வைத்திருப்பது மட்டும். பங்குனியில் அவள் போனாள். கட்டில்லாத மார்போடு போனாள்.

இத்தோடு முடிந்தது என்று கைதட்டிக் கலைந்து போகாதீர்கள்! ஆட்டோவில் ஏறியவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பொன்னி ஏறவில்லை. பொன்னிக்கு அடுத்தவள் ஏறவில்லை. பனிக்குள் நின்றவர்கள் ஏறவில்லை. சுகாசினி ஒவ்வொரு ஞாயிறும் வந்து கதவு கதவாகத் தட்டுகிறாள், சில திறக்கின்றன. அந்தோணி இன்னும் தளர்த்தித்தான் தைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தெருவில் இன்றைக்கும் விடியலில் பாவு நீட்டுகிறார்கள். நாடாக்கள் ஓய்ந்திருக்கும் அந்த நேரத்தில் போய் நின்றால் உங்களுக்கும் கேட்கும்.

அந்தத் தெருவுக்குத்தான் போக வேண்டுமா? உங்கள் வீட்டுக் கூடத்தில், விசிறியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். பட்டையில்லாமலும் கட்ட முடியும்: மானம் என்று கட்டலாம், மாப்பிள்ளை வீடு என்று கட்டலாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று கட்டலாம். சுற்றி நிற்கும் நல்லவர்கள் நாம்தான். நாம் இறுக்கத்துக்குப் பழகிவிட்டோம். நம் கையிலிருப்பதை எடுத்து, நம் பெண்களைத் தின்னும் அதற்கே ஊட்டிக்கொண்டிருக்கிறோம்.

போதும். கிண்ணத்தைக் கீழே வையுங்கள். உங்கள் தாயிடம், தங்கையிடம், மனைவியிடம் இன்றைக்கே போய், அதை விசாரிக்காதீர்கள், அவளை விசாரியுங்கள். கட்டுகளை வெட்டுங்கள். கையைப் பிடியுங்கள். கயிற்றைத் தாண்டி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பாவு சிக்கினால் சிக்கட்டும். எழுந்திருங்கள்!